காற்றில்லாப் பரீட்சை

வவுனியாவில் கோல்ஃப் மைதானம் கிடையாது. குளத்து நீர்மட்டத்தையும் நெல்லின் விலையையும் பேச வேண்டிய ஊரில் இருந்துகொண்டு கோல்ஃபைப் பற்றி எழுதப் புறப்பட்டவனை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இதற்குக் காரணம் நானல்லன். ரொறொன்ரோவில் வாழும் என் பழைய நண்பரொருவர் அனுப்பிய மின்னஞ்சலே காரணம்.

நண்பர் ஓய்வுபெற்ற மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் கோல்ஃப் ஆடுபவர். 2025 யூலையில் வட அயர்லாந்தின் றோயல் போர்ட்றஷ் மைதானத்தில் ஸ்கொட்டி ஷெஃப்லர் பிரித்தானியப் பகிரங்கச் சுற்றை வென்றபோது, கடலோர மணல் மைதானமே கோல்ஃப் வீரனுக்கு உரிய உரைகல் என்று இரண்டு வரி எழுதி அவருக்கு அனுப்பியிருந்தேன். அதற்கு அவர் இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். அதன் சாரம் இதுதான்: “கடற்கரை மைதானத்தில் நடப்பது விளையாட்டல்ல, அதிர்ஷ்டலாபச் சீட்டு. நன்றாக அடித்தவனுடைய பந்து ஒரு மேட்டில் பட்டுத் திசைமாறிக் குழிக்குள் விழுகிறது. கோணலாக அடித்தவனுடைய பந்து அதே மேட்டில் பட்டுக் கொடியருகே போய் நிற்கிறது. காலையில் ஆடியவனுக்கு அமைதி, மாலையில் ஆடியவனுக்குப் புயல். பூங்கா மைதானத்தில் அடித்த அடிக்குத் தக்க கூலி கிடைக்கும். அதுவே நியாயமான பரீட்சை.” கடைசி வரியில் ஒரு குத்தல்: “நீ எப்போதாவது கோல்ஃப் கோலைத் தொட்டதுண்டா?”

தொட்டதில்லை. ஆனால், கொழும்பில் பத்திரிகை மேசையில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் யூலை மாதம் வரும் அந்தச் செய்தியைத் தமிழாக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் வேண்டும். கோல்ஃப் எவருக்கும் வேண்டாதது. அப்படித்தான் 1999 யூலை 18 ஞாயிறு இரவு, ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்ரி மைதானத்திலிருந்து வந்துகொண்டிருந்த முகவர் நிறுவனச் செய்தியோடு தனித்திருந்தேன். கடைசிக் குழிக்கு வரும்போது பிரெஞ்சுக்காரரான வான் டி வெல்ட் மூன்று அடிகள் முன்னணியில் இருந்தார். ஆறு அடிகளில் அந்தக் குழியை முடித்தாலும் கிண்ணம் அவருக்குத்தான். “பிரெஞ்சு வீரர் வெற்றி” என்று தலைப்பெழுதிப் பக்கத்தை அனுப்ப ஆயத்தமாக இருந்தேன். அவர் ஏழு அடித்தார். ஓடைக்குள் விழுந்த பந்தை அடிப்பதற்காகச் சப்பாத்தைக் கழற்றி நீரில் இறங்கி நின்ற மனிதனை அன்றிரவு நான் படத்தில் பார்க்கவில்லை, எழுத்தில்தான் பார்த்தேன். மூவர் சமநிலை. மேலதிகக் குழிகளில், அன்று காலை பத்து அடிகள் பின்தங்கியிருந்த உள்ளூர்க்காரரான போல் லோறி வென்றார். நான் தலைப்பை மாற்றினேன்.

இந்தக் கதையை நண்பர் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். வான் டி வெல்ட்டின் இரண்டாவது அடி பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டுப் பின்னோக்கித் தெறித்துப் புதருக்குள் விழுந்தது. ஓரங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் கூட்டத்துக்குள் போயிருக்கும், அவர் வென்றிருப்பார். சரி. ஆனால், அந்த அடிக்கு நீண்ட இரும்புக் கோலை எடுத்தது எவர்? குறுங்கோலால் பந்தை இரண்டு தடவை மெல்லத் தட்டி வந்தாலும் கிண்ணம் கிடைக்கும் என்ற நிலையில், ஓடைக்கு மேலாகப் பறக்கவிடத் துணிந்தது கம்பியா, காற்றா? கம்பி செய்தது கடைசிக் காரியம். முதற் காரியம் அவருடைய தலைக்குள் நடந்தது. அன்று பரீட்சிக்கப்பட்டது அந்தத் தலைதான்.

கோல்ஃப் தெரியாத வாசகர்களுக்காகச் சற்றே விளக்கம். லிங்ஸ் என்பது கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் மணற்பாங்கான தரை. மேடு என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஏர் பிடிக்க உதவாத நிலம். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். மணலாதலால் மழைநீர் நிற்காது, தரை இறுகிக் கிடக்கும், குட்டையான முரட்டுப் புல் மட்டுமே வளரும். மரங்கள் இல்லை, எனவே காற்றைத் தடுக்க எதுவுமில்லை. மேடுபள்ளங்களை எவரும் வடிவமைக்கவில்லை, காற்றும் அலையும் செய்த வேலை. இத்தகைய தரையில் பந்து விழுந்த இடத்தில் நிற்காது, ஓடும். எங்கு விழுத்துவது என்பதோடு, விழுந்தபின் எங்கே ஓடும் என்பதையும் ஆடுபவன் கணிக்க வேண்டும்.

பூங்கா மைதானம் வேறு. உள்நாட்டில், மரங்களுக்கு நடுவே, நீர்பாய்ச்சி உரமிட்டு வளர்த்த மெத்தைப் புல். பந்து விழுந்த இடத்தில் தைத்தாற்போல் நிற்கும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இத்தனை யார் தூரம் காற்றிலே பறக்கவிட உனக்குத் தெரியுமா? பதினெட்டுக் குழிகளிலும் அதே கேள்வி. தூரத்தின் எண் மட்டும் மாறும். இதைத்தான் நண்பர் நியாயமான பரீட்சை என்கிறார். ஒரே கேள்வியைப் பதினெட்டுத் தரம் கேட்கும் வினாத்தாள் எளிதாகத் திருத்தக்கூடியது என்பது உண்மை. அதனால் அது நல்ல வினாத்தாள் ஆகிவிடாது.

அதிர்ஷ்டலாபச் சீட்டு என்ற வாதத்துக்கு வருவோம். சீட்டிழுப்பென்றால் பரிசு ஆளாளுக்கு மாறி மாறி விழவேண்டும். சென்ற் அன்ட்றூஸ் பழைய மைதானத்தில் 1970இலும் 1978இலும் வென்றவர் ஒருவரே, ஜக் நிக்லஸ். 2000இலும் 2005இலும் வென்றவர் ஒருவரே, ரைகர் வூட்ஸ். 2000ஆம் ஆண்டு அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மணற்குழிகள் இருந்தன. நான்கு நாட்கள், 72 குழிகள் ஆடி, வூட்ஸின் பந்து அவற்றில் ஒன்றிலேனும் விழவில்லை. எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். மேடு பந்தைத் திருப்பிவிடும் என்று குறைப்படுபவர்கள், ஒருவனுடைய பந்தை மட்டும் நான்கு நாட்களாக அந்த மேடுகள் ஏன் திருப்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே வூட்ஸ் 2006இல் ஹொய்லேக்கில் செய்தது இன்னும் பெரிய பாடம். அந்தக் கோடையில் தரை காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. பந்து தரையில் பட்டால் கட்டுக்கடங்காமல் ஓடியது. உலகிலேயே மிக நெடுந்தூரம் அடிக்கவல்லவர்களில் ஒருவரான அவர், 72 குழிகளில் ஒரேயொரு முறைதான் ட்ரைவர் எனப்படும் நெடுங்கோலைப் பையிலிருந்து எடுத்தார். மற்றவையெல்லாம் குறுங்கோல்களால், மணற்குழிகளுக்கு இப்பால் பந்தை நிறுத்தி, அடுத்த அடியை நெடுந்தூரத்திலிருந்து அடித்து ஆடியவை. தன்னுடைய மிகப் பெரிய பலத்தைப் பைக்குள் பூட்டி வைப்பதும் திறமையென்று கேட்கும் பரீட்சை எந்தப் பூங்காவில் நடக்கிறது?

நண்பரின் ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வானிலை எல்லோருக்கும் ஒன்றாக இராது. 2002இல் மியூர்ஃபீல்டில் மூன்றாம் நாள் பிற்பகல் வீசிய மழைப் புயலில் வூட்ஸ் 81 அடித்தார். அவ்வாண்டின் முதலிரண்டு பெரிய கிண்ணங்களையும் வென்று வந்தவருடைய கனவு சில மணி நேரத்தில் முடிந்தது. முற்பகலில் ஆடி முடித்தவர்கள் அந்தப் புயலுக்கு முகங்கொடுக்கவில்லை. இது சமமல்ல. மறுநாள் அதே வூட்ஸ் அதே மைதானத்தில் 65 அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

சமம் என்ற சொல் என்னை உறுத்துவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கூட நாட்களில் இப்பக்கத்துப் பையன்கள் கட்டாந்தரையில் கயிற்றுப் பாய் விரித்துக் கிரிக்கெட் ஆடினார்கள். பாயில் பந்து எழும்பும் விதம் வேறு, பாயின் விளிம்பில் பட்டால் அது செய்யும் கூத்து வேறு. அதற்கேற்ற கண்ணும் காலும் அவர்களுக்கு இருந்தன. கொழும்புக்குப் போய்ப் புற்றரையில் ஆடியபோது, ஆட்டநுணுக்கம் போதாது என்றார்கள். போதாதுதான். ஆனால், கொழும்புப் பையனை எங்கள் பாயில் நிறுத்தி அவனுடைய நுணுக்கத்தை எவரும் அளந்து பார்க்கவில்லை. எந்தத் தரை நியாயமான தரை என்பதைத் தரைக்குச் செலவழிக்க வல்லவர்களே தீர்மானித்தார்கள். நண்பரும் அதே பாயில் ஆடியவர்தான். மறந்துவிட்டார் போலும்.

பூங்கா மைதானங்களின் அரசி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒகஸ்ரா நஷனல். 1934 முதல் மாஸ்ரர்ஸ் போட்டி நடக்கும் இடம். தொலைக்காட்சியில் அதன் பச்சையைப் பார்த்தவர்கள் அதுதான் இயற்கையென்று நம்பிவிடுகிறார்கள். அங்கே புற்றரைக்கு அடியில் குழாய் பதித்து, ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. மழை பெய்தாலும் தரை மழைக்குப் பணியாமல் இருப்பதற்கான ஏற்பாடு. பந்து நெடுந்தூரம் பறக்கத் தொடங்கியதும் மைதானத்தை நீட்டினார்கள். இன்று 7,500 யாரைத் தாண்டிவிட்டது. கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தால், விடை தெரிந்தவர்கள் பெருகும்போது எண்ணைப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இதிலுள்ள முரண் என்னவென்றால், ஒகஸ்ராவை உருவாக்கிய பொபி ஜோன்ஸும் வடிவமைத்த அலிஸ்ரர் மக்கென்சியும் சென்ற் அன்ட்றூஸின் அடியார்கள். ஜோன்ஸ் 1921இல் முதன்முதலாக அங்கே பகிரங்கச் சுற்றில் ஆடியபோது, மூன்றாவது சுற்றில் பதினோராவது குழியில் பொறுமையிழந்து போட்டியைக் கைவிட்டவர். அந்த மைதானத்தை வெறுத்துத் திரும்பியவர், 1927இல் அங்கேயே வென்றார். 1930இல் மீண்டும் வந்து அமெச்சூர் கிண்ணத்தையும் எடுத்தார். 1958இல் அந்நகரம் அவருக்குக் கௌரவப் பிரஜாவுரிமை வழங்கியது. ஆறு ஆண்டுகளில் மைதானம் மாறவில்லை. பத்தொன்பது வயதுக் கோபக்காரன் இருபத்தைந்து வயதில் அந்தத் தரையை வாசிக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவே.

ரொம் வொட்சனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. 2009 யூலை. அவருக்கு அப்போது 59 வயது. ரேண்பெரி மைதானத்தில் மூன்று நாட்களின் முடிவில் முன்னணியில் நின்றார். தன் மகன் வயதுக்காரர்கள் அவரைவிட ஐம்பது யார் தூரம் அதிகமாக அடிக்க, அவர் காற்றுக்குக் கீழே பந்தைத் தாழ்வாக விட்டுத் தரையில் ஓடவைத்து ஆடினார். கடைசிக் குழியில் நான்கு அடித்தால் கிண்ணம். நல்ல அடி. பந்து கிரீனில் விழுந்து, துள்ளி, பின்புறமாக ஓடி இறங்கிவிட்டது. ஐந்து அடித்தார். மேலதிகக் குழிகளில் ஸ்ருவேட் சிங்கிடம் தோற்றார். அந்தத் துள்ளலை நண்பர் காட்டுவார். நான் அதற்கு முந்திய 71 குழிகளைக் காட்டுவேன். ஒகஸ்ராவின் இன்றைய நீளத்தில் 59 வயதுக்காரர் ஒருவர் கடைசிக் குழிவரை முன்னணியில் வருவதை நண்பர் கற்பனை செய்து பார்க்கட்டும். தசையைத் தவிர வேறு எதையும் அளக்காத தரையில் வயதுக்கு இடமில்லை.

அந்த யூலையை வேறு எதற்காகவும் நினைவுகூர நான் விரும்புவதில்லை. வவுனியாவுக்கு மேற்கே செட்டிகுளத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான எம்மவர் முட்கம்பிக்குள் தகரக் கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் அடைபட்டிருந்த மாதம் அது. பகலெல்லாம் பெயர்ப் பட்டியல்களோடு அலைந்துவிட்டு, இரவில் வானொலியில் வொட்சனின் செய்தி வந்தபோது ஒலியைக் கூட்டிக் கேட்டேன். கேட்டதற்காக வெட்கப்பட்டேன். இன்றும் அந்த இரண்டையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

இனி எங்கள் நாட்டு விடயம். 1879இல் கொழும்பில் கோல்ஃப் கழகம் தோன்றியபோது வெள்ளைக்காரர்கள் காலிமுகத்திடலில் ஆடினார்கள். கடல் ஒருபுறம், தடையற்ற காற்று, மரமில்லாத் திறந்தவெளி. லிங்ஸ் என்ற சொல்லுக்கு இலங்கையில் ஓரளவு பொருந்திய இடம் அதுதான். 1896இல் பொரளைக்குப் பெயர்ந்தார்கள். தேசாதிபதி வெஸ்ற் றிட்ஜ்வேயின் பெயரால் ‘றிட்ஜ்வே கோல்ஃப் லிங்ஸ்’ ஆயிற்று. கடலை விட்டு வந்த பின்னர் லிங்ஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்! மரங்களும் நீர்த்தடாகங்களுமாக, நடுவே களனிவெளி இரயில் பாதை ஓடும் அழகான மைதானம் அது. அழகில் குறையில்லை, பெயரில்தான் பொய். அதன்பின் இந்நாட்டில் லிங்ஸ் என்பது கோல்ஃப் மைதானத்துக்குக் கௌரவமான மறுபெயர் என்றாகிவிட்டது. திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. 1889இல் தொடங்கிய நுவரெலியாக் கழகமாவது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மலையும் மரமும் அதற்குப் போதுமாயிருக்கின்றன.

இது வெறும் சொற்பிழை என்றால் விட்டுவிடலாம். லிங்ஸ் என்ற சொல்லுக்குள் ஓர் உரிமை இருக்கிறது. சென்ற் அன்ட்றூஸின் அந்தக் கடலோர நிலம் ஸ்கொட்லாந்து மன்னன் முதலாம் டேவிட் நகர மக்களுக்கு வழங்கியது என்பார்கள். இன்று 1974ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த பொறுப்பாளர் சபையொன்று அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாகப் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஊரார் நாயோடும் பிள்ளைகளோடும் உலாவுவார்கள். உலகப் புகழ்பெற்ற மைதானத்துக்கு நடுவே பொதுவழி ஒன்று போகிறது. மாறாக, ஒகஸ்ரா தனியார் கழகம். 1990 வரை கறுப்பினத்தவர் ஒருவரையும் 2012 வரை பெண் ஒருவரையும் அங்கத்தவராகச் சேர்க்காதது. பொதுநிலத்தில் கடினமான பரீட்சை, வேலியடைத்த நிலத்தில் நியாயமான பரீட்சை என்று நண்பர் சொல்கிறார். நியாயத்துக்கு அங்கே என்ன பொருள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வறண்ட வலயத்துக்காரனாகிய எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் பகுதியில் சிறுபோகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் கூடுவார்கள். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். சில ஆண்டுகளில் காணியில் பாதியைத் தரிசாக விட வேண்டிவரும். அந்தக் கூட்டத்தில் கைகட்டி நின்ற விவசாயிக்கு, பந்து விழுந்த இடத்தில் நிற்பதற்காக ஆடி மாதத்தில் புல்லுக்கு நீரிறைக்கிறார்கள் என்பதை எப்படி விளங்கப்படுத்துவது? சுற்றுலாவின் பெயரால் இங்கே ஒரு நாள் கோல்ஃப் மைதானம் பேசப்படுமானால், பேசப்படுவது நீர்தெளித்த பச்சையாகவே இருக்கும். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணற்குன்றுகள் இருக்கின்றனவே என்று எவராவது என் எழுத்தையே எனக்கெதிராகக் காட்டலாம். அந்தக் குன்றுகள் மண் அள்ளுபவர்களிடம் பட்டது போதும். கோல்ஃப் கோலும் அங்கே வேண்டாம்.

உண்மையில் லிங்ஸ் ஆட்டத்துக்கு வேண்டிய திறமை எங்கள் மக்களுக்கு அந்நியமானதே அல்ல. எங்கள் கரையோரத்தில் காற்றுக்குத் திசைதோறும் பெயருண்டு: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். முல்லைத்தீவுக் கரையில் முகத்தைத் திருப்பி நின்று, இன்று படகு இறக்கலாமா என்று சொல்லும் மனிதரை நான் பார்த்திருக்கிறேன். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுகிற பையன் வாடைக்காற்றின் மூச்சைக் கயிற்றின் வழியே உணர்கிறான். போளை அடித்திருக்கிறோம் அல்லவா, தமிழக வாசகர்கள் கோலி என்பார்கள்? வேர் எங்கே, கல் எங்கே, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துத்தானே குழியை நோக்கி உருட்டினோம்? எவனாவது முற்றத்தைச் சமப்படுத்திவிட்டு வா என்று கேட்டானா? இலங்கையிலிருந்து தொழின்முறை வீரர்களாக எழுந்து இந்தியச் சுற்றுப்போட்டிகளில் ஆடும் பிரபாகரன், தங்கராஜா போன்ற தமிழர்களின் பெயர்களைப் பத்திரிகையில் காணும்போதெல்லாம், இவர்களை ஒரு பருவம் ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் விட்டுப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்குவேன்.

ஷெஃப்லரைப் பற்றி ஒரு வரி. 2022இலும் 2024இலும் ஒகஸ்ராவில் வென்றவர் 2025இல் போர்ட்றஷிலும் வென்றார். இதைக்கொண்டு, நல்ல வீரன் எங்கும் வெல்வான், எனவே மைதானத்தில் என்ன இருக்கிறது என்று நண்பர் சமாதானம் பேச வரலாம். சமாதானத்தை ஏற்கிறேன். அப்படியானால் அதிர்ஷ்டலாபச் சீட்டு என்ற சொல்லை அவர் முதலில் திரும்பப் பெற வேண்டும்.

நண்பர் வருகிற யூலையில் ஊருக்கு வருகிறாராம். ஒரேயொரு கோலும் பத்துப் பந்துகளும் கொண்டுவரும்படி எழுதியிருக்கிறேன். முல்லைத்தீவுக்குப் பேருந்தில் போவோம். கரையில் ஆளில்லாத ஓரிடத்தில் மணலில் ஒரு தடியை நட்டு, நூற்றைம்பது யார் தள்ளி நின்று காலையில் ஐந்து, பின்னேரம் ஐந்து பந்து அவர் அடிக்க வேண்டும். எண்ணுவது என் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார்.